சூடானால் நின்றுபோகும் பழைய பெட்ரோல் கார்: பம்பை மாற்றும் முன்

3 மே 2023, இரவு 9.40 (திண்டுக்கல் வாசகரின் கேள்வி)

2008 மாடல் பெட்ரோல் கார். 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஒரே செல்ப்பில் எடுக்கிறது. முக்கால் மணி நேரம் ஓடியதும் சொல்லாமல் கொள்ளாமல் ஆஃப் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் எதுவுமே நடக்காததுபோல் மறுபடி எடுக்கிறது. பெட்ரோல் பம்பு போய்விட்டது, மாற்ற 7,500 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். ஸ்கேனரில் எந்தப் பிழைக் குறியீடும் ('கோடு') வரவில்லை. மாற்றிவிடலாமா?

3 மே, இரவு 10.25

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே போன வருடம் என் வண்டிக்கு நடந்தது.

என்னுடையது 2006 மாடல் பெட்ரோல் கார். போன மே மாதம் விழுப்புரத்திலிருந்து பெரம்பலூருக்கு அப்பாவைப் பார்க்கப் போகும்போது உளுந்தூர்பேட்டை சுங்கச்சாவடியைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் நின்றது. எண்பதில் போய்க்கொண்டிருந்த வண்டி, சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் நின்றது. திணறவில்லை, இழுக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பெட்ரோல் தீர்ந்தோ பம்பு பலமிழந்தோ நிற்கும் வண்டி பெரும்பாலும் கொஞ்சம் விக்கி விக்கித்தான் நிற்கும். கரண்ட் பக்கத்துக் கோளாறு கத்தரித்ததுபோல் நிறுத்தும்.

என் சந்தேகம் கிராங்க் சென்சார். அதாவது எஞ்சின் சுற்றுகிறதா, எந்த நிலையில் சுற்றுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார். பல வண்டிகளில் அது பார்ப்பது ஒரு பல் சக்கரத்தை. அறுபது பல்லுக்கு இடம் வைத்து, இரண்டை விட்டுவிட்டு ஐம்பத்தெட்டு வெட்டியிருப்பார்கள். அந்த விடுபட்ட இடம் கடக்கும்போதுதான் கம்ப்யூட்டர் தன் கணக்கைத் தொடங்கும். 3,000 ஆர்.பி.எம்.மில் வினாடிக்கு 50 சுற்று, அப்படியென்றால் வினாடிக்கு 2,900 பல். இந்த எண்ணிக்கை வராவிட்டால் கம்ப்யூட்டருக்கு எஞ்சின் நின்றுவிட்டது என்றே அர்த்தம்.

உங்கள் மெக்கானிக் ஏன் பம்பைச் சொல்கிறார் என்பதும் இதில்தான் இருக்கிறது. சாவியை ஆன் செய்ததும் பம்பு இரண்டு வினாடி ஓடும். அதன்பிறகு எஞ்சின் சுற்றுகிறது என்ற தகவல் கிராங்க் சென்சாரிலிருந்து வந்தால்தான் தொடர்ந்து ஓடும், வராவிட்டால் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயைக் கம்ப்யூட்டரே அணைத்துவிடும். விபத்தில் எஞ்சின் நின்றால் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆக சென்சார் படுத்தால் பம்பும் நிற்கும். பம்பு ஓடவில்லை என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை ஓடச் சொல்ல வேண்டியது சொன்னதா என்று பார்த்தாரா?

அடுத்த முறை நின்றதும், ஆறும் முன்பே, மூன்று காரியம் செய்யுங்கள். சாவியை ஆன் மட்டும் செய்து பின் சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். இரண்டு வினாடி 'ஙொய்' என்று கேட்டால் பம்பு உயிரோடு இருக்கிறது. அப்புறம் செல்ப் அடித்துக்கொண்டே ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். 200, 300 என்று லேசாகத் துள்ள வேண்டும். பூஜ்யத்திலேயே படுத்திருந்தால் சந்தேகம் வலுக்கும். மூன்றாவது, எத்தனை நிமிடம் கழித்து மறுபடி எடுத்தது என்று எழுதிவையுங்கள்.

4 மே, காலை 7.10

ஸ்கேனரில் கோடு இல்லை என்றீர்களே, இரவு அதற்குப் பதில் எழுத விட்டுப்போயிற்று.

கோடு இல்லை என்பதால் சென்சார் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. கிராங்க் சென்சாருக்கென்றே பி0335 என்ற கோடு உண்டு. ஆனால் கம்ப்யூட்டரின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். சென்சாரிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றால், எஞ்சின் நிற்கிறது என்றும் இருக்கலாம், சென்சார் செத்துவிட்டது என்றும் இருக்கலாம். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைப் பார்க்கும் கேம் சென்சாரும் இருக்கும் வண்டியில் இரண்டையும் ஒப்பிட்டு, கேம் சுற்றுகிறது, கிராங்க் சுற்றவில்லை, இது நடக்காத காரியம் என்று கண்டுபிடித்துக் கோடு போடும். ஒப்பிட ஆள் இல்லாத பழைய வண்டியில் அந்த வழியே கிடையாது.

இன்னொன்று. இந்தியாவில் ஓ.பி.டி., அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டு கோடு போடும் ஏற்பாடு, கட்டாயமானதே 2010 ஏப்ரலில்தான், அதுவும் முதல் கட்டம். இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரல். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், ஆனால் உள்ளே என்ன பாஷை பேசுகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். என் 2006 வண்டியோடு ஐந்நூறு ரூபாய் ப்ளூடூத் கருவி பேசவே இல்லை. ஒர்க்ஷாப்பின் பெரிய ஸ்கேனர் பேசியது, அதிலும் கோடு இல்லை.

4 மே, மதியம் 1.30

'வேப்பர் லாக்காக இருக்கும், வெயில் அப்படி' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்று கத்திரி ஆரம்பம், அந்த நினைப்பு வருவது இயல்புதான். ஆனால் அது கார்புரேட்டர் காலத்து நோய். எஞ்சின் மேலேயே இருக்கும் மெக்கானிக்கல் பம்பு பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் கட்டிக்கொள்ளும். இன்ஜெக்ஷன் வண்டியில் பம்பு டேங்குக்குள்ளேயே மூழ்கி இருந்து மூன்று பார் அளவு அழுத்தத்தில் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் குமிழ் கட்டுவது கஷ்டம்.

என் அப்பா இருபத்திரண்டு வருடம் டாக்ஸி ஓட்டியவர். கோடையில் டிக்கியில் ஒரு பழைய வேட்டித் துண்டும் ஒரு கேன் தண்ணீரும் எப்போதும் இருக்கும். வண்டி நின்றால் துண்டை நனைத்துப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றுவார், ஒரு பீடி நேரத்தில் வண்டி எடுக்கும். உளுந்தூர்பேட்டையில் நின்றபோது போன் செய்தேன். அவர் சொன்ன முதல் வார்த்தை 'ஈரத்துணி போடு'. போட்டேன், பெட்ரோல் குழாய்மேல். இருபது நிமிடத்தில் எடுத்தது. அப்பா சொன்னது சரி என்றே நினைத்தேன்.

அந்த இருபது நிமிடத்தில் எஞ்சினில் இருந்த எல்லாமே ஆறியிருக்கும் என்பது வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் உறைத்தது. துணி போடாமல் விட்டிருந்தாலும் எடுத்திருக்கும். ஈரத்துணி சரியான சோதனைதான், போட வேண்டிய இடம் வேறு. இரண்டாம் முறை நின்றபோது பானெட்டைத் திறந்து மற்ற எதையும் நனைக்காமல் கிராங்க் சென்சார்மேல் மட்டும் ஈரத்துணியை அழுத்தினேன். நான்காவது நிமிடம் எடுத்தது. சும்மா ஆறவிட்டால் இருபது நிமிடம். இந்த வித்தியாசம்தான் எனக்கு முதல் உண்மையான தடயம்.

(சைலன்சர் பக்கம் கை போகாமல் பாருங்கள். என் முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.)

6 மே, இரவு 8.50

திண்டுக்கல் நண்பர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இன்று வத்தலக்குண்டு போகும் வழியில் நின்றிருக்கிறது. சாவி ஆன் செய்ததும் 'ஙொய்' கேட்டது. செல்ப் அடிக்கும்போது முள் அசையவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் எடுத்தது. பம்பை நான் இப்போதே கணக்கிலிருந்து எடுத்துவிடுவேன். நிற்கும் நேரத்திலும் அது ஓடுகிறது, கேட்டால் ஓடுகிறது.

அடுத்தது மல்டிமீட்டர். நானூறு ரூபாய் மீட்டர் போதும். அதற்கு முன் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் அதே பள்ளத்தில் விழ வேண்டாம்.

முதல் முறை நின்றதும், சூடானால் வரும் கோளாறுதானே, சூட்டை அளக்கும் சென்சார்தான் காரணம் என்று கூலன்ட் சென்சாரை மாற்றினேன். பரிசோதிக்கவே இல்லை. 450 ரூபாய், அரை லிட்டர் கூலன்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறாவது நாள் வண்டி மறுபடி நின்றது. அப்புறம்தான் கழற்றி வைத்திருந்த பழையதை எடுத்துச் சமையலறையில் உட்கார்ந்தேன். பால் பாத்திரத்தில் தண்ணீர், அதில் ஒரு தெர்மாமீட்டர், கம்பி கட்டித் தொங்கவிட்ட சென்சார், பின்னில் மீட்டரின் இரண்டு முள். குழாய்த் தண்ணீர் 30 டிகிரியில் 1,700 ஓம். 50 டிகிரியில் 830. 80ல் 310. சூடு ஏற ஏறத் தடை ஒரே சீராக இறங்கியது, ஓரிடத்திலும் குதிக்கவில்லை. இந்த வகை சென்சார் 20 டிகிரியில் இரண்டிலிருந்து மூன்று கிலோ ஓம், 80ல் 300 ஓம் பக்கம் காட்ட வேண்டும். ஆக நான் தூக்கி எறிய இருந்தது நல்ல பொருள். மனைவி அந்தப் பாத்திரத்தைத் திரும்பப் பாலுக்கு எடுக்கவில்லை, அது நியாயம்தான்.

கூலன்ட் சென்சார் கெட்டால் அறிகுறியே வேறு. கரும்புகை, மைலேஜ் குறைவது, சூடாக இருக்கும்போது எடுக்கத் திணறுவது, ரேடியேட்டர் பேன் நிற்காமல் ஓடுவது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கத்தரித்து நிறுத்துவது அதன் வழக்கம் இல்லை.

சரி, உங்கள் அளவு. சாவி ஆஃப். கிராங்க் சென்சாரின் கப்ளரை, அதாவது வயர் வந்து சேரும் பிளாஸ்டிக் இணைப்பை, கழற்றுங்கள். உங்களுடையது இரண்டு பின் என்றால் உள்ளே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் பாருங்கள். பெரும்பாலும் 500க்கும் 1,500க்கும் இடையில் வரும். ஒவ்வொரு பின்னுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. மூன்று பின் என்றால் பெரும்பாலும் அது ஹால் வகை, சுருளுக்குப் பதில் சிப் இருப்பது, அதை ஓம் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, சொல்லுங்கள், வேறு வழி எழுதுகிறேன்.

ஒரு தடவை ஆறியிருக்கும்போது, ஒரு தடவை நின்ற உடனே. இரண்டாவதுதான் முக்கியம். என் வண்டியில் ஆறியபோது 870 ஓம். பிரமாதமாக இருந்தது. நின்ற உடனே பார்த்தபோது மீட்டரில் இடது ஓரம் ஒற்றை 1, அதாவது சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. மீட்டரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். பதினோராவது நிமிடம் 1 மறைந்து 940 வந்தது. முடி அளவு கம்பி, சூட்டில் விரிந்து பிரிகிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. ஒர்க்ஷாப்புக்கு வண்டி போய்ச் சேரும்போது எப்போதும் ஆறித்தான் போகிறது, அதனால்தான் அங்கே யார் பார்த்தாலும் எல்லாம் சரியாக இருக்கிறது.

7 மே, காலை 6.30

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். முள் துள்ளவில்லை என்றால் கிராங்க் சென்சார் என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லிவிட்டேன். எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. சில வண்டியில் மீட்டர் மெதுவாகத்தான் விழித்துக்கொள்ளும், செல்ப் வேகத்தை அது காட்டவே காட்டாது. ஆறியிருக்கும்போது செல்ப் அடித்து முள் துள்ளுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல நாளில் துள்ளும் முள் கெட்ட நாளில் துள்ளாவிட்டால் மட்டுமே அதற்கு அர்த்தம் உண்டு.

ஆர்.பி.எம். மீட்டரே இல்லாத வண்டி வைத்திருக்கும் நண்பருக்கு: வேறொரு ஸ்பார்க் பிளக்கைப் பிளக் வயரில் மாட்டி, அதன் உடம்பை எஞ்சினில் நன்றாகத் தொடவைத்துப் பொறி வருகிறதா பாருங்கள். இன்ஜெக்டர் கப்ளர்களைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். வயரை மட்டும் உருவிக் காற்றில் பொறி பறக்கவிடும் பழைய வித்தை வேண்டாம், இக்னிஷன் காயிலும் கம்ப்யூட்டரும் சேர்ந்து போய்விடக்கூடும்.

9 மே, இரவு 10.05

மாற்றுவது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் வண்டியில் செய்தது இது.

பேட்டரியின் மைனஸைக் கழற்றினேன். ஏர் பில்டர் பெட்டியை எடுத்தால் கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் இடத்தில், மேலேயே, விரல் தடிமனில் கறுப்பாக ஒன்று தெரியும். ஒரே ஒரு போல்ட், 10 நம்பர் ஸ்பேனர். போல்ட் சுலபமாக வந்துவிட்டது, சென்சார் வரவில்லை. பதினாறு வருடத் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் கட்டிக்கொண்டிருந்தன. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தலை உடைந்து முனை உள்ளே பிளைவீல் பக்கம் விழும், அப்புறம் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பிளையரால் இடமும் வலமுமாகச் சிறுகச் சிறுகத் திருப்பினேன். அசைய ஆரம்பித்ததும் முறுக்கியபடியே மேலே இழுத்தேன், பொசுக்கென்று வந்தது.

முனையைப் பார்த்தேன். கிளட்ச் தூளும் இரும்புத் தூளும் சேர்ந்து எறும்புப் புற்றுபோல் முளைத்திருந்தன. உள்ளே காந்தம் இருப்பதால் வரும் இரும்பையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்கிறது. சில வண்டியில் இதைத் துடைத்துப் போட்டாலே மிஸ்ஸிங் நின்றுவிடும். எனக்கு மீட்டர் ஏற்கெனவே 1 காட்டிவிட்டதால் துடைத்துப் போடும் ஆசையை விட்டுவிட்டேன்.

புதியதை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோனேன். பாகத்தின் எண் மட்டும் போதாது. முனையின் நீளத்தை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பல்லுக்கும் முனைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் பக்கம்தான் இடைவெளி. அரை மில்லி நீளம் கூடினாலும் பல்லில் உரசக்கூடும், குறைந்தால் சிக்னல் மெலிந்துபோகும். 1,150 ரூபாய். ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, கையால் அழுத்தி முழுவதும் உட்காரவைத்து, அதன்பிறகே போல்ட். போல்ட்டை இறுக்கி அதை உட்காரவைக்கக் கூடாது, சென்சாரில் போல்ட் போகும் காது உடையும். மணிக்கட்டு பலம் போதும். கப்ளர் 'டிக்' என்று பூட்டியதா என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியை மாட்டினேன்.

முதல் செல்ப்பில் எடுத்தது.

12 மே, இரவு 9.15

நான் சொன்னது தப்பு. நண்பர் இன்று அளந்து அனுப்பியிருக்கிறார். ஆறியபோது 840 ஓம். நின்ற உடனே, கை வைக்க முடியாத சூட்டில், 1,010.

'170 ஓம் கூடியிருக்கிறது, சென்சார் கெட்டதுதானே, வாங்கிவிடட்டுமா' என்று கேட்கிறார். வாங்காதீர்கள். செம்பு சூடானால் தடை கூடும், 50 டிகிரி ஏறினால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 840க்கு ஐந்தில் ஒரு பங்கு 168. உங்கள் சென்சார் புத்தகத்தில் போட்டதுபோல் நடந்துகொள்கிறது. என் வண்டியில் நடந்ததை வைத்து உங்கள் வண்டிக்கும் அதே பாகம் என்று ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பேச்சைக் கேட்டு முதல் நாளே வாங்கியிருந்தால் உங்களுக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டம். மன்னியுங்கள்.

ஆனால் முள் துள்ளவில்லை என்பது இன்னும் நிற்கிறது. ஆறியபோது துள்ளுகிறது என்றும் சொன்னீர்கள். சென்சார் பேசுகிறது, கம்ப்யூட்டர் காதில் விழவில்லை. நடுவில் இருப்பது வயர்.

அந்த வயரைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்க வேண்டும். செல்ப் வேகத்தில் இந்த வகை சென்சார் கொடுப்பதே ஒரு வோல்ட் பக்கம்தான். பக்கத்தில் பிளக் வயரில் ஆயிரக்கணக்கான வோல்ட். அந்த இரைச்சல் ஏறக் கூடாது என்று இரண்டு வயரையும் முறுக்கி, மேலே கம்பி வலை சுற்றி, அந்த வலையை எர்த்தில் சேர்த்திருப்பார்கள். சிக்னல் வயரின் தோல் கிழிந்து வலையைத் தொட்டால் போதும், சத்தமில்லாமல் எல்லாம் நின்றுபோகும்.

பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். சென்சார் பக்கக் கப்ளரையும் கம்ப்யூட்டர் கப்ளரையும் கழற்றிவிட்டு, வயருக்கும் வலைக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். வைத்துக்கொண்டே வயர்க் கட்டை நீளமாக அமுக்கிக்கொண்டே வாருங்கள். சைலன்சர் மேனிபோல்டுக்கு (எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறும் குழாய்) பக்கத்தில் போகும் இடத்தில் நிதானமாக.

14 மே, மாலை 5.20

கிடைத்துவிட்டது!

போட்டோ அனுப்பியிருக்கிறார். வயர்க் கட்டைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, கட்டு மேனிபோல்டின் தகரத் தட்டியின்மேல் படுத்திருக்கிறது. மேல் குழாய் பளபளவென்று உருகி, உள்ளே ஒரு வயரின் தோல் வெல்லப்பாகுபோல் இளகி வலையில் ஒட்டியிருக்கிறது. அமுக்கினால் 4 ஓம், விட்டால் ஒன்றும் இல்லை. தகரம் சூடேறி, தோல் இளகி, வயர் வலையில் உட்கார முக்கால் மணி நேரம். அவர் முதல் நாள் எழுதிய அதே முக்கால் மணி நேரம்.

போன வருடம் கிளட்ச் வேலைக்காக இதே இடத்தைக் கழற்றியிருக்கிறார்கள் என்றார். கிளிப் அப்போது உடைந்ததா, வயதாகி உடைந்ததா, யாருக்குத் தெரியும்.

15 மே, காலை 7.00

சரிசெய்வதைப் பற்றி. வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள், அந்தச் சூட்டில் பசை உருகி ஒழுகும். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, வலை சுற்றிய வயரையே கேட்டு வாங்கிச் சேருங்கள். இரண்டு வயரின் ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வரக் கூடாது, ஒரு அங்குலம் தள்ளி வரட்டும். சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய். வலை கம்ப்யூட்டர் பக்கம் ஒரு முனையில் மட்டுமே எர்த் ஆகியிருக்கும். சென்சார் பக்கமும் எர்த் கொடுத்துவிடாதீர்கள், இரைச்சல் அதன் வழியாகவே உள்ளே வரும். எந்த வயர் எந்தப் பின் என்று வெட்டுவதற்கு முன்பே எழுதிவையுங்கள். இரண்டும் இடம் மாறினால் சிக்னல் தலைகீழாகும், வண்டி எடுக்கலாம், ஆனால் கணக்குத் தப்பும்.

21 மே, இரவு 8.30

நேற்று நானும் ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றி என் வண்டியின் வயர்க் கட்டை முழுக்கத் தடவிப் பார்த்தேன். கிளிப் இருக்கிறது, குழாய் முழுசாக இருக்கிறது. ஒரு வருடமாகச் சென்சாரோடு முடிந்தது என்று இருந்துவிட்டேன், பார்த்த பிறகுதான் நிம்மதி. அப்பாவிடம் திண்டுக்கல் வண்டிக் கதையை எல்லாம் சொன்னேன். எதுவும் சொல்லாமல் கேட்டுவிட்டு, 'சூடு கண்ட வயரை முதல்ல பார்க்கணும்னு அப்பவே சொல்வோம்' என்றார். என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

திண்டுக்கல் நண்பர் இன்று மதியம் இரண்டு மணி வெயிலில் சிறுமலை ஏறியிருக்கிறார். மேலே போய் ஏ.சி.யைப் போட்டு நாற்பது நிமிடம் ஐடிலிலேயே விட்டுப் பார்த்திருக்கிறார். இறங்கி வீடு வந்து சேரும்வரை ஒரு முறைகூட நிற்கவில்லை. பம்பு பழையதே ஓடுகிறது. செலவு வயரும் குழாயும் எலக்ட்ரீஷியன் கூலியுமாக 620 ரூபாய்.

ஒரு சென்சார் வாங்கி வண்டியில் போட்டு வைக்கலாமா என்று கேட்கிறார். வைக்கலாம், பதினைந்து வயது வண்டிக்கு அது வீண் செலவு இல்லை. என் டேஷ்போர்டில் ஒன்று இருக்கிறது, கூடவே ஒரு 10 நம்பர் ஸ்பேனரும் மீட்டரும். டிக்கியில் அப்பாவின் துண்டு.

சிறுமலையிலிருந்து இறங்கியதும் அளந்தீர்களா? அந்த எண்ணையும் இங்கே போடுங்கள்.

21 மே, இரவு 9.10

1,020. நன்றி.